சிவப்பு வண்டியில் மூன்று பேர்

தாண்டவ சாமிக்கு நாற்பது வயதுதான். அவரிடம் பாடம் கேட்க வரும் இன்பவல்லிக்கு ஐம்பத்தொன்று. திருப்பத்தூரில் கணக்கு டீச்சர். ஏலகிரி அடிவாரத்தில் இருக்கும் அவருடைய சின்ன ஆசிரமத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள்.

அந்த ஞாயிறு ஆசிரம வாசலில் ஒரு சிவப்புக் கார் உறுமிக்கொண்டு வந்து நின்றது. இறங்கியவள் இன்பவல்லி. முன்சீட்டில் அவளுடைய அம்மா குப்பம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"அம்மாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். எங்க பழைய காரை இனிமே ஓட்ட முடியாதுன்னு மெக்கானிக் சொல்லிட்டார். வியாபாரி ரெண்டு வண்டி காட்டியிருக்கார். ஒண்ணு வெள்ளை. பத்து வருஷத்துக்கு ஒரு தொந்தரவும் தராதாம். இன்னொண்ணு இது. ஓட்டிப் பாக்கக் குடுத்திருக்கார். சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்."

"இது எப்படி?"

"சில நாள் மக்கர் பண்ணும்னு அவரே சொல்லிட்டார். ஆனா சாமி, மூணாவது கியர்ல போட்டதும்..."

அவள் கை தானாகக் காற்றில் கியர் மாற்றியது. அதைக் கவனித்ததும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"எது வேணும் உங்களுக்கு?"

"வெள்ளைதான் சரி."

"எது சரின்னு நான் கேக்கலையே."

இன்பவல்லி திரும்பிச் சிவப்புக் காரைப் பார்த்தாள்.

சாமி காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார்.

"மலை மேல போகலாம்," என்றார்.

முதல் இரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் அவள் அம்மாவைப் பார்த்துப் பார்த்து மெதுவாக ஓட்டினாள்.

"ஏன்டி ஊர்வலம் மாதிரி போற?" என்றார் குப்பம்மாள்.

அதற்குப் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கார் மலையைப் பிடித்துக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு ஜன்னலுக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. காற்று இன்பவல்லியின் கொண்டையைப் பிரித்துப் போட்டது. சாமி பின்னால் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்குமாகச் சரிந்துகொண்டிருந்தார். ஊசி குத்திக் குத்தித் தடித்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு குப்பம்மாள் சிரித்தார்.

"இன்னும் எத்தனை வளைவுடி இருக்கு?"

"முடியப் போவுதும்மா."

"அதுக்குள்ளயா?"

மேலே ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். இன்பவல்லி காரைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். சூடான பானெட்டில் கை வைத்துப் பார்த்தாள். டயாலிசிஸ் என்பதால் குப்பம்மாள் தண்ணீர்கூட அளவாகத்தான் குடிக்க வேண்டும். மகளின் டீயில் ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு சாமியிடம் சொன்னார்:

"ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் என்னை உள்ள படுக்க வெச்சுட்டு வண்டியை ஓரங்கட்டப் போவா, சாமி. அப்புறம் வரவே மாட்டா. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருப்பா. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருப்பேன். கூப்பிட மாட்டேன்."

இன்பவல்லி நடப்பதை நிறுத்தினாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்குக் கிட்னிதான் போச்சு. கண்ணு போகல."

மூவரும் காரில் ஏறினார்கள். இன்பவல்லி சாவியைத் திருகினாள். வண்டி செருமியது. மறுபடி திருகினாள். செருமல்கூட இல்லை.

அவள் முகத்தில் அதுவரை இருந்ததெல்லாம் வடிந்துவிட்டது.

"பாத்தீங்களா சாமி," என்றாள்.

சாமி இறங்கிப் பின்னால் போய்க் காரைத் தள்ளினார். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். சாலை இறக்கத்தைத் தொட்டதும் இன்பவல்லி கிளட்சை விட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, உறுமிக்கொண்டு பாய்ந்தது. சாமி மடித்துக் கட்டிய வேட்டியோடு பின்னாலேயே ஓடினார்.

குப்பம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"வேகமா ஓடி வாங்க சாமி. இவ நிறுத்த மாட்டா போலிருக்கு."

கொஞ்ச தூரம் தள்ளி இன்பவல்லி நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாமி வந்து ஏறிக் கதவைச் சாத்தியதும் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்:

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு இது கிளம்பலைன்னா நான் என்ன பண்ணுவேன், சாமி?"

சாமிக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"வண்டி கிளம்பலைன்னா ஆட்டோவைக் கூப்பிடலாம்," என்றார். "நீங்க கிளம்பலைன்னா யாரைக் கூப்பிடறது?"