சீட்டில் வந்த பள்ளிக்கூடம்

தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில் வயலட் டீச்சர் ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்தார். ஓடு வேய்ந்த ஒரே கூடம். பேராயத்துப் பள்ளியல்ல, எந்தச் சபையும் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டதில்லை. ஐந்து வகுப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் ஒரு வகுப்பின் பாட்டு அடுத்த வகுப்பின் கணக்குக்குள் புகுந்து வரும். காற்றடி காலத்தில் சிலேட்டெல்லாம் சிவந்துபோகும். பிள்ளைகள் துடைத்துவிட்டு எழுதுவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அதே கூடத்தில் பெரியவர்களுக்கு வேதபாடம் உண்டு. பாயில் உட்கார்ந்து கேட்பவர்களில் ஞானதிரவியம் ஒருவர். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். டீச்சரைவிட வயதில் மூத்தவர். ஊரில் அவரை "வயலட் டீச்சரோட சீஷன்" என்று கேலி பேசுவார்கள். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். எதிர்ப்பேச்சு அவர் நாவுக்குப் பழக்கமில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, மகள் எமீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வந்து நின்றார்.

"கர்த்தருடைய சித்தம் டீச்சர். பிள்ளைய இங்க சேர்க்கணும்."

"சித்தம்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"சீட்டுப் போட்டேன். டவுன்ல இருக்கிற பெரிய பள்ளிக்கூடம் ஒண்ணு, உங்க பள்ளிக்கூடம் ஒண்ணு. வேதப் புத்தகத்துக்குள்ள வச்சு, முழங்கால்ல நின்னு ஜெபம்பண்ணி எடுத்தேன். உங்க பேர்தான் வந்தது."

"எடுத்த உடனே வந்துச்சா?"

ஞானதிரவியம் மகளின் பின்னலைச் சரிசெய்தார்.

"அண்ணாச்சி?"

"முதல்ல டவுன் பள்ளிக்கூடம் வந்தது. சரியா ஜெபிக்கலையோன்னு இன்னொரு தடவை எடுத்தேன். அதுவும் டவுன்தான். அப்புறந்தான்..."

"கர்த்தர் மூணாவது தடவை மனசு மாறிட்டாரா?"

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டாங்களே டீச்சர்."

"போட்டாங்க. சிலுவைக்குக் கீழ நின்ன சேவகரும்தான் கர்த்தரோட அங்கிக்குப் போட்டாங்க." டீச்சர் திண்ணை மேசையிலிருந்த சாக்பீஸ் தூளை ஊதினார். "சீட்டு கூட்டிட்டு வந்த பிள்ளையை நான் சேர்க்கிறதில்லை."

"அப்போ எந்தப் பள்ளிக்கூடம் சரின்னு எங்கள மாதிரி ஆளு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

டீச்சர் எழுந்து கூடத்துக்குள் போய், பிள்ளைகளைப் பார்த்துக் கைதட்டினார்.

"புதுப் பிள்ளை வந்திருக்கா. கேளுங்க."

அது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். யார் பிள்ளையைக் கொண்டுவந்தாலும் கூடத்தின் நடுவில் நின்று, பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். கூட உட்காரப்போகிறவர்கள் அவர்கள்தானே என்பார் டீச்சர். ஞானதிரவியம் நடுவில் போய் நின்றார். வேட்டியின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இவ பேர் என்ன மாமா?"

"எமீமா."

"கிள்ளுவாளா?"

"மாட்டா... அவ அம்மாவைக் கிள்ளுவா."

சிரிப்பு எழுந்தது. முன்வரிசையிலிருந்து எண்ணெய் வழியும் முகத்தோடு ஒரு சிறுமி எழுந்தாள்.

"எதுக்கு மாமா இங்க கொண்டு வந்தீங்க? டவுன் பள்ளிக்கூடத்துல பஸ் உண்டு. எங்களுக்குப் பஸ்ஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

"மண்ணு உண்டு," என்றான் பின்னாலிருந்து ஒருவன். மறுபடியும் சிரிப்பு.

"சீட்டுல வந்ததும்மா," என்றார் ஞானதிரவியம்.

"எங்க வீட்லயும் பாத்திரம் கழுவச் சீட்டுப் போடுவாங்க. எப்பவும் எனக்குத்தான் வரும். எங்கண்ணன்தான் மடிப்பான்."

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஞானதிரவியத்தின் மாமனார் மதுரநாயகம் செருப்போடு படியேறி வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பெரிய கோயில் சபைக் கமிட்டியில் அவர் பேசினால் மறுபேச்சு கிடையாது. டவுன் பள்ளிக்கூடத்தில் பேத்திக்கு இடம் பேசி வைத்தவரும் அவரே. மத்தியானத்துக்குள் பிள்ளையோடு போய் நிற்காவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இது பள்ளிக்கூடமா மாப்ளே, கோழிக்கூடா?"

ஞானதிரவியம் வேட்டி ஓரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"கர்த்தர் சொல்லிட்டாருன்னு காலையில வீட்ல சொன்னீரு. நானும் வாயடைச்சுப் போனேன். பிறகு யோசிச்சேன். சீட்டு விழுந்த பிறகு பேசக் கூடாதுதான். எப்படி விழுந்ததுன்னு கேக்கலாம்லா?"

"மாமா..."

"காயில் கட்டுறவன் மக காயில் கட்டவா போகணும்? நாலு எழுத்து இங்கிலீஷ் பேச வேண்டாமா? மேடை ஏற வேண்டாமா? நாளைக்கு ஒருத்தன் கேட்டா எந்தப் பள்ளிக்கூடம்னு சொல்லுவா? வயலட் டீச்சர் ஓட்டு வீடுன்னா?"

ஞானதிரவியம் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். மழைக்கு ஒதுங்க இடம் தேடுகிறவன் கண் அது.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா மாமா கேப்பாங்க."

டீச்சர் வந்தார். எமீமாவின் முன் குனிந்து, சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். அவள் கையை ஞானதிரவியத்தின் கையிலிருந்து மெல்லப் பிரித்தார். மதுரநாயகத்தின் கையில் கொடுத்தார்.

"கூட்டிட்டுப் போங்க சார். இந்தப் பிள்ளைய இங்க கொண்டுவந்தது சீட்டுதான், ஆள் யாருமில்லை."

மதுரநாயகத்துக்கே அது எதிர்பாராத வெற்றி. ஒரு கணம் தடுமாறினார். பிறகு பேத்தியின் கையை இறுக்கிக்கொண்டு, "அந்த அம்மாளுக்கு இருக்கிற புத்தி உமக்கு இல்லையே மாப்ளே," என்று சொல்லிப் படியிறங்கினார்.

எமீமா நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. அப்பா என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தாள்; அவ்வளவுதான்.

கூரை ஓட்டில் மணல் உரசிப் போகிற ஓசை மட்டும் கேட்டது.

"நில்லுங்க மாமா."

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று ஞானதிரவியத்துக்கே சந்தேகம். வேட்டி நுனியை விட்டுவிட்டு முற்றத்தில் இறங்கினார்.

"சீட்டு சொல்லல. ரெண்டு தடவை டவுன் பள்ளிக்கூடந்தான் வந்தது. நான்தான் திரும்பத் திரும்ப எடுத்தேன்."

"அப்படிச் சொல்லும்! கர்த்தர் பேர்ல பொய்யா?"

"ஆமா. என் பேர்ல சொல்லப் பயந்து அவர் பேர்ல சொன்னேன்."

மதுரநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.

"போன மாசம் இங்க பம்பு மோட்டாரைக் கழற்ற வந்தேன்," என்றார் ஞானதிரவியம். "டீச்சர் போர்டுல கணக்குப் போட்டுட்டிருந்தாங்க. இம்புட்டுக்காணும் ஒரு சின்னப் பிள்ளை எழுந்து, 'டீச்சர், நீங்க போட்டது தப்பு'ன்னு சொல்லுச்சு. அடி விழப்போகுதுன்னு நின்னேன். டீச்சர் போர்டைப் பார்த்தாங்க. 'ஆமா, தப்புதான். நீ வந்து போடு'ன்னு சாக்பீஸைக் கொடுத்தாங்க. நான் மோட்டாரைத் தோள்ல வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன் மாமா. பாரம் தெரியல. எனக்கு நாப்பத்தாறு வயசாகுது. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் மூஞ்சியப் பார்த்து 'தப்பு'ங்கிற வார்த்தையச் சொன்னதில்ல. என் மக சொல்லணும்."

"இதுக்காகவா வே?"

"இதுக்காகத்தான்."

"இந்த ஓட்டுக் கூடத்துல படிச்சு அவ உருப்படாமப் போனா யார் பொறுப்பு? கர்த்தரா?"

"நான்."

"அப்போ, நாப்பது வருஷம் பிள்ளைகளைப் படிக்க வச்ச நான் சொல்றது தப்பு. அப்படித்தானே?"

கூடத்தின் சன்னல் கம்பிகளில் பிள்ளைகளின் முகங்கள் நிறைந்திருந்தன.

"ஆமா மாமா. இந்தக் காரியத்துல நீங்க சொல்றது தப்பு."

கிழவர் பேத்தியின் கையை விட்டார்.

"இனி உம்ம வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"நீங்க மிதிக்காட்டா நாங்க உங்க வீட்டுக்கு வருவோம்," என்றார் ஞானதிரவியம். "ஆனா பிள்ளை இங்கதான் படிக்கும்."

கார் மணலில் ஒருமுறை சிக்கி, உறுமி, பிறகு போனது.

ஞானதிரவியம் மகளைக் கூட்டிக்கொண்டு படியேறினார். முன்வரிசைச் சிறுமி நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்துப் பலகையைக் கையால் துடைத்தாள். எமீமா போய் உட்கார்ந்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சர் போர்டில் தேதியை எழுதிக்கொண்டிருந்தார்.

"டீச்சர்."

"ம்."

"என் பொஞ்சாதி இன்னைக்கு அழுவா. மாமா சொன்னபடி வராமலே இருந்திருவாங்க. பெரிய மனுஷன். நாப்பது வருஷ வாத்தியார். அவர் சொல்றதே சரியாயிருந்தா? நான் செஞ்சது சரிதானா டீச்சர்? அதை மட்டும் சொல்லிருங்க, போயிருதேன்."

டீச்சர் எழுதி முடித்தார். கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார்.

"இந்தப் பிள்ளை ஒருநாள் உங்க முன்னால நின்னு, 'அப்பா, நீங்க செஞ்சது தப்பு'ன்னு சொல்லுவா அண்ணாச்சி. அன்னைக்கு வந்து கேளுங்க. சொல்றேன்."