இடது கல், வலது கல்

குளக்கரைப் பொந்தில் பஞ்சி என்ற முயல் தன் நான்கு குட்டிகளுடன் இருந்தது. பக்கத்து வளையில் செண்பகம் என்ற வெள்ளை எலி இருந்தது. அது ஓர் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து தப்பி வந்த எலி.

அங்கே தினமும் அதற்கு ஊசி போடுவார்கள். சில நாள் மயக்க மருந்து, சில நாள் வெறும் உப்புத் தண்ணீர். எது என்று சொல்ல மாட்டார்கள். மயக்க மருந்து என்று பட்டால் இடது விசையை அழுத்த வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் வலது விசை. சரியாக அழுத்தினால் ஓர் இனிப்பு உருண்டை விழும்.

பாவம், காட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை! எதைத் தின்றாலும் சற்று நேரம் பொறுத்திருக்கும். பிறகு வளை வாசலில் கிடந்த இரண்டு கற்களில் ஒன்றை அழுத்திவிட்டு, உருண்டைக்காக அண்ணாந்து பார்க்கும். பஞ்சி விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒரு நாள் காட்டுப்பூனை ஒன்று சுரைக்குடுக்கை நிறையத் தேன்தண்ணீர் கொண்டுவந்தது.

"குட்டிங்க வெயில்ல வாடிப்போச்சே, பஞ்சி! குடிக்கக் கொடும்மா!"

"இருங்க, மொதல்ல நான் குடிக்கிறேன்!" என்றது செண்பகம். குடித்தது, பொறுத்தது, வலது கல்லை அழுத்தியது. வெறும் தேன்தண்ணீர்தான்! குட்டிகள் ஆசையாகக் குடித்தன. மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் பூனை அதில் மயக்கவேரின் சாற்றைக் கலந்தது. நான்கு குட்டிகளும் மயங்கினால் அதற்கு நல்ல விருந்தல்லவா!

செண்பகம் ஒரு வாய் குடித்தது.

"எப்படி இருக்குக்கா?" என்றது பஞ்சி.

"நேத்து மாதிரியே இனிக்குது."

"அப்புறம் என்ன? வாங்கடா கண்ணுங்களா!" என்றது பூனை.

"அவசரப்படாத பஞ்சி! நாக்குதான் சொல்லியிருக்கு. உடம்பு இன்னும் ஒண்ணும் சொல்லல!"

"பச்சப்புள்ளைங்க தாகத்துல தவிக்குது. இந்த எலி பண்ற கூத்தைப் பாரு!" என்றது பூனை.

பஞ்சியின் மனம் இளகியது. மூத்த குட்டி குடுக்கையில் வாய் வைக்கப் போனது.

அப்போது செண்பகத்தின் கால்கள் பின்னின. கண்கள் செருகின. பேச நாக்கு எழவில்லை. தட்டுத்தடுமாறி நடந்து, இடது கல்லின்மேல் போய் விழுந்தது.

பஞ்சி இந்த முறை சிரிக்கவில்லை. ஒரே உதை! குடுக்கை உருண்டது.

"உள்ள ஓடுங்கடா!" என்று கத்தியது. குட்டிகள் பொந்துக்குள் பாய்ந்தன. பூனை சீறிக்கொண்டு தாவியது. பஞ்சி செண்பகத்தைப் பிடரியில் கவ்வி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே இழுத்தது. பூனையின் நகத்தில் நாலு மயிர்தான் சிக்கியது. அது பொந்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

சாயங்காலம் செண்பகம் மெல்லக் கண் விழித்தது.

"பஞ்சி! குட்டிங்க எங்க?"

"உங்க மேலதான் படுத்திருக்குதுங்க, அக்கா!" என்றது பஞ்சி. அதன் கண்கள் கலங்கியிருந்தன.

நாக்குக்கு இனிக்கிறது என்பதற்காக எதையும் நம்பிவிடாதே. அது உனக்குள்ளே போய் என்ன செய்கிறது என்று பொறுத்துப் பார்த்து நம்பு.