கண்ணாடி ஆபீஸும் கீற்றுக் கொட்டகையும்

முதலில் கலெக்டர் ஆபீஸுக்கு அரண்மனைத் தூணும் உயரப் படியும் வைத்தார்கள். ஏறிய கிழவர்கள் விழுந்தார்கள். பிறகு அதை இடித்துக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பினார்கள். அது வெயிலை வாங்கி வாசலில் நின்றவர்கள் முகத்தில் அடித்தது. கடைசியில், மனு கொடுக்க வரும் சனங்கள் ஒதுங்கும் கீற்றுக் கொட்டகை அந்த அழகை மறைக்கிறதாம்!

"பிரிச்சுடு. ஒரு பய முனகினாலும் உன் வேலை போச்சு," என்று டவாலி சந்தியாகுவை மிரட்டினார் பெரிய இன்ஜினியர் குலசேகரநாதன்.

சந்தியாகு கீற்றை இறக்கினார். "ஐயா, அழகு முழுசா தெரியுதான்னு நீங்களே இங்கன நின்னு பாத்துச் சொல்லுங்க."

சனங்கள் வாயே திறக்கவில்லை. கண்ணாடி கக்கிய அனலில், அங்கே வந்து நின்ற இன்ஜினியருக்குத்தான் கண் இருட்டியது.

"யோவ், ஒதுங்க ஒரு நிழல்கூட இல்லையா?"

மனுதாரர் பேரை ஊரறியக் கூவுவது டவாலியின் வேலை. சந்தியாகு கூட்டத்தைப் பார்த்துக் கணீரென்று கூவினார்:

"கொட்டகை கேட்டு மனு! மனுதாரர், குலசேகரநாதன்!"