எறும்பு தின்ற கோடு

வாய்க்கால் ஓரத்து மடத்துச் சாமிக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. அவருடைய சீடன் நல்லசிவத்துக்கோ காதோரம் நரைத்துவிட்டது. "சீடனுக்கு மீசை நரைக்குது, குருவுக்கு இப்பதான் கறுக்குது" என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவன் அவரைச் சாமி என்பான். அவர் அவனை அண்ணே என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு மனக்குறையும் கிடையாது.

அன்றைக்கு அவன் வந்தபோது சாமி மடத்துச் சமையலுக்குப் பறங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவன் உட்காரக்கூட இல்லை.

"சாமி, என் பொண்ணுக்கு ஒரு கயிறு மந்திரிச்சுக் கொடுங்க. ரொம்ப பயந்துபோய்க் கிடக்கா."

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"படுத்த படுக்கைதான். இது ஏழாம் மாசம். நஞ்சுக்கொடி கீழே எறங்கி வழியை மறைச்சுக்கிட்டு இருக்காம். அநாவசியமா எழுந்திருக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஒரு தடவை ரத்தம் வேற பட்டுடுச்சு." "ராத்திரியெல்லாம் அவளை எழுப்பி எழுப்பி, அசையுதா அசையுதான்னு கேக்கறேன். பாவம், தூக்கமும் போச்சு அவளுக்கு."

"பொண்ணு எதுக்குப் பயப்படுறா?"

நல்லசிவம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

விஷயம் இதுதான். அவனுடைய இளையவன் குகனுக்கு மூன்று வயசு. கால் தரையில் பாவாது, அப்படி ஒரு வாண்டு. ஒரு நாள் ஜன்னல் திண்டில் ஏறி அம்மாவின் கட்டிலில் தொபுக்கென்று குதித்தான். அன்று சாயங்காலமே அவன் அம்மா மங்கைக்கு ரத்தம் பட்டது. அவன் குதித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா அடித்துச் சொன்னாள். யார் காதில் விழுந்தது? வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நல்லசிவம் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்து, மங்கை படுத்திருந்த அறை வாசலில் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். பிள்ளைகள் இரண்டையும் நிறுத்திச் சொன்னான்: "இதைத் தாண்டினா வயித்துல இருக்கிற பாப்பா செத்துப்போயிடும்."

"பிள்ளைங்க தாண்டலை சாமி. ஆனா பெரியவ வாணி பள்ளிக்கூடம் போகமாட்டேங்குறா. சோறு எறங்கலை. அந்தக் கோட்டுக்கிட்டயே உக்காந்திருக்கா."

சாமி அரிவாள்மணையை மடக்கி வைத்தார். "கயிறு எதுக்கு? நானே வரேன்."

வீட்டுக்குள் அடுப்பில் அடிப்பிடித்த உப்புமா வாசனை. ஒத்தாசைக்கு இரண்டு பக்கமும் ஆளில்லாத வீடு. அறைக்குள் மங்கை வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். பிள்ளைகளைப் பார்த்தால் அழுகை வருகிறது, அழுதால் வயிறு இறுகுகிறது. அதனால் அந்தப் பக்கமாகவே பார்த்துக் கிடந்தாள். குகன் ஒரு ரப்பர் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றான். வாணிக்கு ஐந்து வயசு. மாவுக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "என்ன கண்ணு பண்றே?"

"எறும்பு கோட்டைத் தின்னுது. பள்ளிக்கூடம் போனா எல்லாத்தையும் தின்னுடும். அப்புறம் பாப்பா போயிடும்." சொல்லிக்கொண்டே, கோடு விட்டுப்போன இடத்தில் ஒரு சிட்டிகை மாவைத் தூவினாள்.

"அப்பா மட்டும் தாண்டுறாரே?"

"அப்பா கண்ணை மூடிக்கிட்டு, காலை ஒசரமாத் தூக்கித் தாண்டுவாரு. கோட்டுல பட்டுடக் கூடாதுல்ல?"

சாமி நிமிர்ந்து பார்த்தார். நல்லசிவம் சுவரைப் பார்த்தான். நாற்பது வயசு ஆம்பளைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கோடுதான் நல்லாப் போடுறியே, கோலம் போடுவியா?" என்று சாமி வாணியைக் கேட்டார்.

"அம்மாதான் சொல்லிக்கொடுக்கணும்."

"கேளேன்."

வாணி அப்பாவைப் பார்த்தாள். பிறகு அறைக்குள் பார்த்து, பயந்து பயந்து, "அம்மா, கோலம் எப்படிப் போடணும்?" என்றாள்.

மங்கை மெல்ல, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"நேர்ப்புள்ளி வைடி தங்கம். அஞ்சு புள்ளி, அஞ்சு வரிசை. கோட்டு மேலயே மொத வரிசை வை."

வாணி வைத்தாள். இரண்டாவது வரிசையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி வைத்தாள். மூன்றாவதற்கு முழங்காலிட்டு, உடம்பை எக்கிப் பார்த்தாள்.

"கை எட்டலைம்மா."

"எட்டற இடத்துக்கு வா."

பிள்ளை அசையவில்லை. மறுபடி அப்பாவைத்தான் பார்த்தாள். நல்லசிவத்துக்கு மனசுக்குள் முருகா முருகா என்று அடித்துக்கொண்டது.

"போம்மா," என்றான் கடைசியில். "அப்பா சொன்னது பொய்."

வாணி போனாள். மூன்றாவது வரிசை, நான்காவது வரிசை. ஐந்தாவது வரிசை கட்டில் காலடிக்கே வந்துவிட்டது. மங்கை கையைத் தொங்கவிட்டு அவள் தலையைத் தொட்டாள். அதுவரை பொறுத்திருந்த குகன், ஒரே ஓட்டமாகக் கோலத்தை மிதித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். நல்லசிவம் "ஐயோ" என்று அலறிவிட்டான். குகன் கட்டிலருகே தானாகவே நின்றான். பந்தை அம்மாவின் தலையணை ஓரமாக, பூப்போல வைத்தான்.

நல்லசிவம் சாமியைக் கூடத்து ஓரமாக இழுத்துப் போனான்.

"சாமி, இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. நாளைக்கே ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா? தான் தாண்டினதாலதான்னு அந்தப் பச்சைமண்ணு நெனச்சுக்காதா?"

"ஆகாதுன்னு நான் சொல்லமாட்டேன் அண்ணே. டாக்டரம்மா சொன்னதுல ஒண்ணையும் விட்டுடாதீங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். நேத்து ஏதாவது ஆகியிருந்தா, கோட்டைக் காவல் காத்த புள்ள யாரைக் குத்தம் சொல்லியிருக்கும்?"

நல்லசிவம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

உள்ளிருந்து மங்கை கூப்பிட்டாள். "என்னங்க, கொஞ்சம் தண்ணி. பிள்ளைங்களுக்கும் உப்புமா கொண்டாங்க. வாணி பசிக்குதுங்குறா."

அவன் செம்பை எடுத்துக்கொண்டு விரைந்தான். வாசலில் கோடு இல்லை, கோலமும் இல்லை. குகனின் கால் பட்டு மாவு அங்கங்கே வெள்ளையாய்த் திட்டுத் திட்டாய்க் கிடந்தது. நல்லசிவம் நின்றான். கண் தானாக மூடியது. வலது கால் உயர எழுந்தது.

உள்ளிருந்து மூன்று பேரும் அவனையே பார்த்தார்கள்.

பின்னாலிருந்து சாமி சொன்னார்: "காலைக் கீழே வைங்க அண்ணே. அதைத்தான் எறும்பு தின்னுட்டுப் போயிடுச்சே."