சுருதி இறங்கிய பாதம்

கருவேலங்கோட்டை என்ற பெயரே சொல்லிவிடும், அது முள்ளுக்குப் பஞ்சமில்லாத சீமை என்று. அங்கே அரசன் முதல் ஆடு மேய்ப்பவன் வரை எல்லோர் அரைஞாணிலும் ஒரு முள்வாங்கி தொங்கும். காலில் தைத்த முள்ளைப் பிடுங்குகிற சின்ன இரும்பு இடுக்கி அது. தலைப்பாகையை மறந்து வெளியே கிளம்புவார்கள், முள்வாங்கியை மறக்கமாட்டார்கள்.

அரசர் வீரபூபதிக்கு ஒரு பலவீனம் இருந்தது. சங்கீதம். வீணையில் ஒரு தந்தி மயிரிழை இறங்கினாலும் கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பெருமையில் தலைகால் புரியாது. "சுருதி" என்று யாராவது வாயெடுத்தால் போதும், அப்படியே உருகிவிடுவார். இதை எங்கேயோ கேள்விப்பட்டு, தோளில் ஒரு வெண்கலக் கிண்ணத்தோடு வந்து இறங்கினார் நாதசித்தர். சித்தர் என்பது அவரே தனக்கு வைத்துக்கொண்ட பட்டம்.

"உடம்பு ஒரு வீணை, மகாராஜா. ஒவ்வொரு அவயவத்துக்கும் ஓர் அதிர்வு. அது இறங்கினால் நோய். என் கிண்ணத்தை நூற்றெட்டு முறை தட்டினால் இறங்கிய சுருதி ஏறிவிடும். மருந்து எதற்கு? கத்தி எதற்கு?"

அரசர் கண்ணில் நீரே வந்துவிட்டது.

சரியாக அந்த வாரம்தான் அரசி வடிவாம்பிகைக்குப் பாதத்தில் கருவேல முள் தைத்து, உள்ளேயே ஒடிந்துபோனது. அரண்மனை வைத்தியர் மருதப்பர் கீறி எடுக்க வந்தார். சித்தர் குறுக்கே பாய்ந்தார்.

"இரும்பா? இரும்பு பக்கத்தில் வந்தால் அதிர்வு சிதறிவிடும்! இந்த அரண்மனையில் ஒரு துண்டு இரும்பு இருக்கக்கூடாது!"

உத்தரவு பறந்தது. கத்தி, ஊசி, முள்வாங்கி எல்லாம் மூட்டை கட்டிக் கோட்டைக்கு வெளியே போயின. மருதப்பரும் கூடவே போனார். நான்கு நாள் 'டொய்ங், டொய்ங்' என்று கிண்ணம் அலறியது. அரசியின் பாதம் பூசணிக்காய் போல் வீங்கியது, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தார். "சுருதி ஏறுகிறது, அதனால்தான் சூடு" என்றார் சித்தர். அரசரும் தலையாட்டினார். படித்த முட்டாளைவிட ரசித்த முட்டாள் மோசம் என்று மந்திரி தாண்டவராயன் மனசுக்குள் திட்டிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் காலை அவன் கோட்டைக்கு வெளியே மருதப்பரைப் பார்த்தான்.

"இன்று பொழுது சாய்வதற்குள் முள்ளை எடுத்தாகணும். இல்லையென்றால் காலை எடுக்கணும். அதற்கும் தாமதித்தால் எடுக்க ஒன்றுமிருக்காது" என்றார் மருதப்பர்.

திரும்பி நடந்த தாண்டவராயனுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. 'வெறுங்காலோடு ஏழு காடு தாண்டி வந்தேன்' என்று அந்த ஆள் தினமும் பீற்றிக்கொள்கிறானே. அவன் பாதத்தில் மட்டும் ஒரு முள்ளும் தங்கவில்லையா? வழியில் குனிந்து நல்ல கருவேல முள்ளாக மூன்று ஒடித்துக்கொண்டான்.

சபையில் சித்தருக்கு ஒரு சடங்கு உண்டு. கிண்ணத்தைக் கம்பளத்தின் நடுவில் வைத்து, கண்ணை மூடி, வெறுங்காலோடு மூன்று சுற்று வருவார். பூமியின் நாதம் பாதம் வழியே ஏறுமாம். அன்று இரண்டாம் சுற்றில் ஏறியது நாதமில்லை.

"ஐயோ! அம்மா!"

சித்தர் ஒற்றைக்காலில் துள்ளிச் சரிந்து உட்கார்ந்தார். காவலர்கள் ஓடினார்கள்.

"யாரும் தொடக்கூடாது!" என்று கத்தினான் தாண்டவராயன். "கைவைத்தால் சித்தரின் அதிர்வு கெட்டுவிடும். மகாராஜா, சித்தர் பாதத்தில் சுருதி இறங்கிவிட்டது. அடியேன் ஏற்றிவிடுகிறேன்." கிண்ணம் தட்டும் தடியை எடுத்துக் கிண்ணத்தின் மேல் ஓங்கிப் போட்டான். "ஒன்று!"

"முள்... முள்ளப்பா!"

"முள்ளா? இல்லை சுவாமி, சுருதி. சுருதி இறங்கினால்தான் நோய் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இரண்டு!"

"ஆழமாப் போயிடுச்சு!"

"ஆழமாக இருந்தால் சத்தமாகத் தட்டணும். மூன்று!"

அரசர் முன்னால் சாய்ந்து ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதில் சந்தேகமே இல்லை, பாவம். ஏழு, எட்டு, ஒன்பது. சித்தரின் நெற்றியில் வியர்வை கொட்டியது. பதினொன்றாவது அடி விழுந்ததும் அவருக்குப் பொறுமை போய்விட்டது. சட்டென்று இடுப்பு மடிப்புக்குள் கைவிட்டார். பளபளவென்று ஒரு முள்வாங்கி வெளியே வந்தது. ஒரே இழுப்பில் முள் கையோடு வந்தது. "அப்பாடா!" என்று கண்ணைத் திறந்தார்.

சபையே அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மகாராஜா," என்றான் தாண்டவராயன், "இந்த அரண்மனையில் மிச்சமிருந்த ஒரே முள்வாங்கி இதுதான். உங்களுக்கும் எனக்கும் கிண்ணம். இவருக்கு இரும்பு."

அரசர் முகம் வெளுத்தது. எழுந்தவர் முள்வாங்கியைப் பிடுங்கிக்கொண்டு அந்தப்புரம் நோக்கி ஓடினார், "மருதப்பரைக் கூப்பிடுங்கள்!" என்று அலறியபடி. மருதப்பர் வந்து கீறினார், முள் வந்தது, கூடவே ஒரு கிண்ணம் சீழ் வந்தது. மறுநாள் காலை காய்ச்சல் விட்டு அரசி கஞ்சி கேட்டார். அதைக் கேட்டு அரசர் வெட்கமில்லாமல் அழுதார்.

பிறகு சபைக்கு வந்தார். "தாண்டவராயா, என்ன வேண்டும் கேள்."

"இந்த முள்வாங்கி போதும், மகாராஜா."

"எடுத்துக்கொள். இந்த ஆளை என்ன செய்யலாம்?"

"வந்த வழியே, வந்தபடியே வெறுங்காலோடு அனுப்பிவிடலாம்."

சித்தர் வெளியே பார்த்தார். கோட்டை வாசலில் தொடங்கி மூன்று காதம் கருவேலங்காடு. தாண்டவராயன் காலில் விழுந்தார். "ஐயா, அந்த முள்வாங்கியை மட்டுமாவது கொடுங்கள்!"

தாண்டவராயன் வெண்கலக் கிண்ணத்தைத் துடைத்து, மரியாதையாக அவர் கையில் வைத்தான்.

"முள்வாங்கி எதற்கு, சுவாமி? இதுதான் இருக்கிறதே."

அரசர் சிரித்த சிரிப்பு அந்தப்புரம் வரை கேட்டது. அன்று மாலை முழுக்கக் காட்டுக்குள்ளிருந்து கோட்டைக்கு ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. கிண்ணத்தின் சத்தம் இல்லை.