இல்லாத ஆளைக் காட்டு

கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு ஊராம், அந்த ஊரிலே ஒரு கம்பெனியாம். அங்கே சம்பளக் கணக்கை ஆராய்கிற வேலை கேட்டுப் போனாள் கோமளா. படிக்க வந்த விசா மாதக் கடைசியோடு சரி.

"இந்த வேலைக்கு உள்ளூர்ல ஆளே இல்லைன்னு நிரூபிச்சுக் கொண்டா. அப்புறம் வேலை விசாவுக்குக் கையெழுத்துப் போடுறேன்," என்றார் மேலாளர் தியாகேசன்.

கோமளா யோசித்தாள். இல்லாத ஆளை எப்படிக் காட்டுவது?

"இதுவரைக்கும் யாரையும் எடுக்கலையா சார்?"

"எட்டு மாசமா உள்ளூர் ஆளுங்களைச் சலிக்கிறேன்மா. ஒருத்தரும் என் கண்ணுக்குத் தேறலை."

"அதையே எழுதிக் கொடுங்க சார். பொய்யா இருந்தா வேண்டாம்."

தியாகேசன் விறுவிறுவென்று எழுதிக் கொடுத்தார். அதையே நிரூபணமாக அவரிடம் நீட்டி, விசாத் தாளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டாள் கோமளா.

யார் யாரைச் சோதித்தது என்று விளங்காமல் அவர் விழிக்க, அவள் நடந்துவிட்டாள்.