கரிக்குத் தடை

பொன்விளக்கூர் என்று ஓர் ஊர். பெயரில்தான் பொன், மற்றதெல்லாம் கரி. கோட்டைக்குப் பின்னால் ராட்சத உலை ஒன்று கரியைத் தின்று மின்சாரம் கொடுத்தது. அது விட்ட புகையில் ராஜாவின் வெள்ளைக் குதிரை கறுப்புக் குதிரையானது. காக்கை மட்டும் அப்படியே இருந்தது.

ராஜா பூபதிவர்மருக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. ஒருநாள் தயிர்சாதத்தைப் பார்த்து, "எள்ளைப் பிரமாதமாக வறுத்திருக்கிறீரே!" என்று சமையற்காரரைப் பாராட்டினார்.

"மகாராஜா, நான் எள்ளே போடலையே!" என்றார் அவர்.

ராஜா வாயைக் கொப்பளித்துவிட்டு நேராகச் சபைக்கு வந்தார்.

"இனி நம் ஊரில் கரி இல்லாத மின்சாரம்! ஆவுடையப்பரே, இது உம் பொறுப்பு. பொங்கலுக்குப் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வருகிறார். அவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை ஒரு விளக்குகூட அணையக் கூடாது!"

ஆவுடையப்பர் அந்தச் சபையில் நாக்கை வைத்தே பிழைக்கிறவர். அவருக்கே வாய் உலர்ந்தது.

"காற்றாடியும் சூரியத் தகடும் வைத்துவிடலாம் மகாராஜா. ஆனால் சூரியன் சாயங்காலமானால் வீட்டுக்குப் போய்விடுவார். காற்று யார் பேச்சையும் கேட்காது. அதனால் மலையுச்சியில் ஒரு குளம் வேண்டும். காற்றடிக்கும்போது தண்ணீரை மேலே ஏற்றி வைப்போம். காற்று படுத்துக்கொண்டால் அதே தண்ணீரை இறக்கிச் சக்கரத்தைச் சுற்றுவோம்."

கரி மந்திரி தாண்டவராயர் எழுந்தார். உலைக்குக் கரி விற்பவரே அவர்தான். "மின்சாரம் கேட்டால் குளம் கேட்கிறார்! ஆவுடையப்பருக்குக் குளித்து நாளாகிவிட்டது போலிருக்கிறது!" என்றார். சபை சிரித்தது. குளம் அந்தச் சிரிப்போடு போயிற்று.

மந்திரி அதோடு விடவில்லை. விளக்கு அணைந்தால் ஆவுடையப்பர் ஓடிப்போய் உலையை மூட்டிவிடக் கூடாதே! "மகாராஜா, பொங்கலிலிருந்து ஊருக்குள் கரியே இருக்கக் கூடாது. எவர் வீட்டில் இருந்தாலும் அதை அவர் முகத்திலேயே பூசிக் கழுதைமேல் ஊர்வலம் விட வேண்டும். விருந்தில் விளக்கு அணைந்தால் ஆவுடையப்பருக்கும் அதே மரியாதை."

ராஜாவுக்கு ஊர்வலம் என்றாலே பிடிக்கும். சரி என்றுவிட்டார்.

பொங்கல் நெருங்கியதும் காவலர்கள் வீடுவீடாகப் புகுந்தார்கள். இஸ்திரிப் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். கறிக்கடையைப் பூட்டினார்கள். "ஐயா, இது ஆட்டுக்கறி! பெரிய றி!" என்று கடைக்காரர் கத்தினார்.

"உத்தரவுல பெருசு சின்னதுன்னு ஒண்ணும் போடலை" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் காவலர் தலைவர்.

அரண்மனைப் புலவராவது சும்மா இருந்திருக்கலாம். "கரி என்றால் யானை என்றும் பொருள் உண்டு" என்று எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். பட்டத்து யானை செல்லாயியை எல்லைக்கு வெளியே புளியமரத்தில் கட்டிவிட்டார்கள். அது ஒன்றும் புரியாமல் அரண்மனையையே பார்த்துக்கொண்டு நின்றது. ஆவுடையப்பருக்கு மனசு கேட்கவில்லை. தினமும் கரும்போடு போய், கழுதை ஊர்வலத்தை நினைத்துத் தனக்குத் தூக்கம் வராததையும் அதனிடம் சொல்லிவிட்டு வந்தார்.

விருந்து நாள் இரவு வந்தது. காற்றாடிகள் ஜோராகச் சுற்றின. மண்டபம் ஜொலித்தது. பக்கத்து நாட்டு ராஜா "ஆஹா!" என்று அண்ணாந்து பார்த்தார்.

அவர் அப்பளத்தை நொறுக்கிய நேரத்தில் காற்று நின்றது. விளக்கெல்லாம் பொசுக்கென்று அணைந்தன. கொஞ்ச நேரத்தில் காற்றுக்கு மனசு மாறி, வெளிச்சம் திரும்பியது. அதற்குள் விருந்தாளி ராஜா பாயசத்தை ரசம் என்று நினைத்துச் சோற்றில் பிசைந்திருந்தார்.

பூபதிவர்மர் துள்ளி எழுந்தார். "ஓய் ஆவுடையப்பரே! விருந்தாளி முன்னால் என் முகத்தில் கரியைப் பூசிவிட்டீரே!"

வாசலில் கழுதை கத்தியது.  ஆவுடையப்பரின் நாக்கு விழித்துக்கொண்டது.

"அபாண்டம் மகாராஜா! நம் ஊரில் பூசுவதற்குக் கரி ஏது?"

விருந்தாளி ராஜாவுக்குப் புரையேறியது.

"வாயாடாதீர்! யாரங்கே, இவர் முகத்தில் கரியைப் பூசுங்கள்!"

காவலர் தலைவர் தலையைச் சொறிந்தார். "கரி இல்லீங்களே மகாராஜா. எல்லாத்தையும் எல்லைக்கு அந்தப் பக்கம் கொட்டியாச்சு."

"அள்ளிக்கொண்டு வா!"

"கொண்டாந்தா ஊருக்குள்ள கரி வந்துடுமே. அப்புறம் என் முகத்துலதான் பூசணும்."

 ஆவுடையப்பர் நிம்மதியாக மூச்சுவிட்டு, மந்திரியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "பார்த்தீரா மந்திரியாரே? ஊர் முழுக்கத் தேடினாலும் ஒரு துண்டு கிடைக்காது. நான் தப்பித்தேன்!"

மந்திரிக்குப் பொறுக்கவில்லை. "தப்பிப்பதாவது! என் வீட்டு நிலவறையில் மூட்டை மூட்டையாக இருக்கிறது! எத்தனை முகத்துக்கு வேண்டும்?"

 மந்திரியின் வாய் திறந்தபடியே இருந்தது.

"ஒரு முகத்துக்குப் போதும்" என்றார் ராஜா. "பூசுங்கள் மந்திரிக்கு!"

"வேண்டாம் மகாராஜா!" என்று குறுக்கே விழுந்தார் ஆவுடையப்பர்.

"அவர்மேல் உமக்கா இரக்கம்?"

"அவர்மேல் இல்லை மகாராஜா. முகத்தில் கரி ஏறிவிட்டால் அவரும் ஊருக்குள் இருக்கக் கூடாது. கொண்டுபோய்ச் செல்லாயி பக்கத்தில்தான் கட்ட வேண்டும். அந்த யானை என்ன பாவம் செய்தது?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. "உமக்கு என்ன பரிசு வேண்டும், கேளும்!"

"குளம் மகாராஜா. குளிக்க இல்லை."

மறுநாளே மலையுச்சியில் குளவேலை தொடங்கியது. முதல் கூடை மண்ணைச் சுமந்தவர் தாண்டவராயர். செல்லாயி மணி குலுங்க ஊருக்குள் வந்தது. கறிக்கடையும் திறந்தது. இனி குழப்பம் வரக் கூடாது என்று காவலர் தலைவர் உத்தரவைத் திருத்திக் கோட்டை வாசலில் ஒட்டினார்:

"கரி என்பது சின்ன ரி. அடுப்பில் எரியும். தும்பிக்கை கிடையாது."